சம்பந்தப்பட்டவருக்கு ஓர் அறிவிப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள சாமியாருக்கு,

மைக்கு எழுதுகிறேன். என் தொண்டையைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் அண்ணனும் சுகமா?

கடிதத்தைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் மேடையை விட்டு இறங்காதவள் பேனா பிடித்து எழுதுகிறாளே என்று. காரணம் சொல்கிறேன். அதற்கு முன்னால், போன மாதம் நீ செய்த கூத்தை எங்கள் ரயில் நிலையத்தில் இன்னும் பேசுகிறார்கள். நாலாவது நடைமேடை வண்டி தாமதம் என்று மைக்கில் சொல்லிவிட்டு நான் நிமிரவில்லை, பெட்டியும் கையுமாக ஒருத்தி அறிவிப்பு அறைக்குள் நுழைந்து, "மைக்கு, நீதானேடி?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்த பட்டப்பெயர். இப்போது சுமை தூக்குகிறவர்கூட "மைக்கு மேடம்" என்கிறார்.

உன் கல்யாணத்தில் பார்த்ததுதான். அதற்குப் பிறகு ரயில் நிலையத்தில் அன்றைக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தையும் நானே பேசித் தீர்த்துவிட்டேன். கடைசியில் "அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய், வண்டி கிளம்பிவிட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே இருந்தாரே மனிதர், இப்போதும் அப்படித்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே என் குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தது, நீ கவனித்திருக்க மாட்டாய். ஜலதோஷம் என்று விட்டுவிட்டேன். டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு கட்டி. அறுத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். கெட்டது என்றால் குரலையே எடுக்க வேண்டி வரலாம் என்று, வண்டி ரத்து என்று நான் சொல்வேனே, அதே தொனியில் சொன்னார். அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. கைபேசியில் எழுத்தெழுத்தாகத் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. நீயும் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிக் கதையை முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நீ ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். அதனால்தானே சாமியார் என்ற பெயர் வந்தது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. இப்போது போகலாம் என்றால் வழி தெரியவில்லை. நீ பழகினவள். எனக்காகக் கொஞ்சம் சொல்லு. பயமாக இருக்கிறது.

அண்ணனுக்கு என் அன்பு.

மைக்கு


மார்ச் 3

அன்புள்ள மைக்குக்கு,

நான் சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகம் என்றது சந்தோஷம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வெள்ளையடித்தார்கள். அலமாரியிலிருந்து எல்லாச் சட்டங்களையும் இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. நடுவில் ஓர் அம்மாள் தினமும் வந்து ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, ஆளுயரக் கண்ணாடியில் பார்த்து, "இதுல வயசு தெரியுது" என்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள்.

குரல் விஷயத்தில் ஒன்று கேள். குசுகுசுவென்று பேசினால் பரவாயில்லை என்று நினைக்காதே. அது சத்தமாகப் பேசுவதைவிடக் கெடுதல் என்று எங்கள் கடைக்கு மேல் மாடியிலிருக்கும் காது மூக்குத் தொண்டை டாக்டர் சொன்னார். நிறையத் தண்ணீர் குடி. ஒரு பலகை வாங்கி வைத்துக்கொண்டு எழுதிக் காட்டு.

இன்னொரு சேதி. நம் வகுப்புக் குண்டூசி உன் ஊரிலேயேதான் இருக்கிறாள். தபால் நிலையத்துக்குப் பின்தெருவில் தையல் கடை. எனக்கு வருஷா வருஷம் வாழ்த்து அட்டை போடுவாள். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், வந்து பார்ப்பாள். பெயர்தான் குண்டூசி, இப்போது நீ பார்த்தால் சிரிப்பாய்.

உனக்கு ஒன்றும் ஆகாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சாமியார்
(இந்தப் பெயரை வைத்திருப்பது இப்போது நீ ஒருத்திதான்.)


மார்ச் 10

அன்புள்ள சாமியாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் ரொம்பவே சுகம். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நிம்மதியாகச் செய்தித்தாள் படித்ததில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். வாய் வரட்டும், வைத்துக்கொள்கிறேன். நீயும் அண்ணனும் சுகமா?

வெள்ளையடித்தது, அந்த அம்மாள் வயசு, மாடி டாக்டர், தண்ணீர் எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒரே விஷயத்துக்கு ஒரு வரி இல்லை. அடியே, நான் என்ன உன் தங்கச் சங்கிலியையா கேட்டேன்?

குண்டூசி வந்தாள். கதவு நிறைய வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள், பிறகு எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவளுக்கு நம்பிக்கை உண்டாம், வாராவாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகப் பிரார்த்தித்தாள். உதடு அசைகிறது, சத்தமே இல்லை. நான் பலகையில் "கேட்கலை" என்று எழுதிக் காட்டினேன். "உனக்கு எதுக்குடி கேக்கணும், அவருக்குக் கேக்கும்" என்றாள்.

என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அறைக்குள் உட்கார்ந்துகொண்டு வண்டி தாமதம் என்று நான் மனசுக்குள் நினைத்தால் நடைமேடையில் நிற்கிறவனுக்குத் தெரியுமா? சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் தடவை காதில் விழும், இரண்டாம் தடவைதான் புரியும். என்னால் வாயைத் திறக்க முடியாது. அதனால் நானே எழுதி அனுப்புகிறேன், நீ எனக்குப் பதில் ஆளாக வாசி. விடுப்பில் போனால் பதில் ஆள் போடுவது எங்கள் இலாகாவில் வழக்கம்தான். எனக்கு எழுத வந்தது இந்த மாதிரித்தான்:

"பயணிகளின்... மன்னிக்கவும், சம்பந்தப்பட்டவரின் கவனத்திற்கு. தொண்டை வழியாக வரவேண்டிய குரல், தவிர்க்க முடியாத காரணத்தால் காலதாமதமாக வந்துகொண்டிருக்கிறது. அது ரத்து செய்யப்படாமல் வந்து சேர ஆவன செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

சிரிக்காதே. எழுதிவிட்டு நான் அழுதேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை. அண்ணனிடமும் சொல்லிவை.

மைக்கு


மார்ச் 19

அன்புள்ள மைக்குக்கு,

நான் சுகம். உன் வீட்டுக்காரர் பாவம், அவரை ஒன்றும் சொல்லாதே.

நான் உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்று எழுத மாட்டேன். நீ எழுதியதை வாசிக்கிறேன். அவ்வளவுதான். பதில் ஆள் என்று நீ சொன்னதால் ஒத்துக்கொண்டேன்.

காலையில் கடையை நான்தான் திறப்பேன். மற்றவர்கள் வரக் கொஞ்ச நேரமாகும். எங்கே நின்று வாசிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கண் சோதிக்கும் பலகையைப் பார்த்து நின்றுகொண்டேன். அலமாரி நிறையக் கண்ணாடிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, நீ சொன்னபடி வாய்விட்டு, இரண்டு தடவை வாசித்தேன். திரும்பினால் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற பெரியவர் வாசலில் நிற்கிறார். "எந்த வண்டிம்மா லேட்டு?" என்றார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

தினமும் வாசிப்பேன். பயப்படாமல் போய் வா.

சாமியார்


ஏப்ரல் 2

அன்புள்ள சாமியாருக்கு,

நாளைக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வில்லைப் பெரியவர் கேட்டதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், சத்தம் வராமல். நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று கேட்டாள்.

சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்துவிடுகிறது. என் குரலைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது சொல். முகத்தைப் பார்த்து யாரும் என்னை ஞாபகம் வைத்ததில்லை. நீயே குரலைக் கேட்டுத்தான் ஓடி வந்தாய். பதிவு செய்த குரலைப் போட்டுவிடலாம் என்று மேலே ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோன் செய்தால் "அம்மா" என்பாளே, நான் என்ன செய்வேன்? ரிசீவரைத் தட்டுவேனா?

என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் அதே செய்தித்தாளை மூன்றாவது முறையாகப் படிக்கிறார். தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட ஆச்சரியமில்லை. கொஞ்சம் முன்னால், "நீ திரும்பத் திட்ட ஆரம்பிச்சா போதும்" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாளைக்குக் கொஞ்சம் சத்தமாக வாசி.

மைக்கு


ஏப்ரல் 14

அன்புள்ள சாமியாருக்கு,

கட்டியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன். சோதனை முடிவு இன்னும் வரவில்லை, பேச்சுக்கும் இன்னும் தடை. ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்கிறார்கள். இந்த வயசில் டாக்டர் சொல்லி ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதான்.

சும்மா படுத்திருப்பதால் உன் கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். வாய் ஓடிக்கொண்டிருந்தவரை எனக்குக் காது இருந்ததாகவே ஞாபகம் இல்லை. இப்போது எல்லாம் கேட்கிறது. சொன்னதும் கேட்கிறது, சொல்லாததும் கேட்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணன் சுகமா என்று கேட்டிருக்கிறேன். நீ ஒவ்வொன்றிலும் "நான் சுகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

குண்டூசி வந்தபோது பலகையில் எழுதிக் கேட்டேன். மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், நேராகத் தொங்கிக்கொண்டிருந்த ஜன்னல் திரையை நேராக்கினாள். "அத நீ அவகிட்டயே கேளு" என்றாள்.

கேட்கிறேன். எழுத வராவிட்டால் எழுத வேண்டாம்.

மைக்கு


ஏப்ரல் 27

சாமியாருக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை. இந்தச் சேதி உனக்கு உடனே தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. நல்ல கட்டி. ஒன்றுமில்லை. குரல் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் பாலை வார்த்தார். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுப்பிக் கூட்டிவர நானும் குண்டூசியும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

சம்பந்தப்பட்டவருக்கு என் நன்றி. பதில் ஆளுக்கும்.

மைக்கு


மே 6

அன்புள்ள மைக்குக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். வில்லைப் பெரியவரிடம் "வண்டி வந்துடுச்சு" என்றேன். "வரும்னு தெரியும்மா" என்றார். இருவரும் டீ குடித்தோம். மனசில் கிடந்த பாறாங்கல் ஒன்று இறங்கியது. இனி உனக்குப் பதில் எழுதலாம்.

நீ சுகமா என்று கேட்ட அண்ணன் போய் நாலு வருஷம் ஆகிறது. சிறுநீரகம். நீண்ட நாள் படுத்திருந்தார். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று, நீ சொல்கிற சம்பந்தப்பட்டவரிடம் கேட்காத நாள் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, நான் நின்றால் நின்றதுதான். தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லிக் கேட்டேன். தரவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஃபோனை எடுக்காத ஆளுக்கு எத்தனை தடவை அடிப்பது?

ரயில் நிலையத்தில் நீ கேட்டபோது வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எதைச் சொல்ல? தலையை ஆட்டிவிட்டேன். எழுதிச் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் உன் முதல் கடிதம் வந்துவிட்டது. தோற்றுப்போன வக்கீலைத் தேடிப் பிடித்து உன் வழக்கைக் கொடுத்திருந்தாய். நான் கேட்டு எனக்கே கிடைக்கவில்லை என்று தெரிந்தால் நீ இன்னும் பயந்திருப்பாய். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. பிரார்த்தனை செய்கிறேன் என்று பொய் எழுதவும் மனசு வரவில்லை. உன் அறிவிப்பு வந்த பிறகுதான் வழி தெரிந்தது. என் வார்த்தை எதுவும் இல்லை, உன் வார்த்தை. நான் வெறும் ஒலிபெருக்கி.

இன்னொன்றும் உண்டு. அவர் போன பிறகு அவர் சுகமா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்க மாட்டார்கள்தானே. உன் கடிதங்களில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார். உறையைப் பிரித்ததும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன். பதில் எழுதினால் அந்த வரி நின்றுவிடும் என்று தெரியும். அதற்காகவும்தான் எழுதாமல் இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் சொன்னதைவிட ஒரு வாரம் அதிகமாகவே வாயை மூடிக்கொண்டு இரு.

சாமியார்


மே 24

அன்புள்ள சாமியாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா?

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒன்றும் தெரியாமல் உன் தலையில் என் பாரத்தையும் தூக்கி வைத்திருக்கிறேன். நீ அதைத் தினமும் இரண்டு தடவை தூக்கியிருக்கிறாய். எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாததை எழுதவில்லை.

ஆனால் அண்ணனை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை எழுதுகிறேன். உன் கல்யாணத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்களே. நான் வாயை மூடாததால் ஒவ்வொரு படத்திலும் என் வாய் திறந்திருக்கிறது என்று படம் எடுத்தவர் சலித்துக்கொண்டார். அண்ணன், "அவங்க பேசி முடிக்கட்டும், நாம காத்திருக்கலாம், அவசரமில்ல" என்றார். நான் முடிக்கவே இல்லை. அவர் தோள் குலுங்கியதால் அந்தப் படமும் கலங்கிப்போனது. உன் மாப்பிள்ளை நல்லவர் என்று அப்போதே குண்டூசியிடம் சொன்னேன்.

போன திங்கட்கிழமை டாக்டர் பேசச் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பார்த்து "குடையை எங்க வச்சீங்க?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஆட்டோலயே விட்டுட்டேன்" என்றார். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் என்னுடையதுதான். அடுத்த வாரம் வேலைக்குப் போகிறேன். டாக்டரிடமிருந்து அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சம்பந்தப்பட்டவருக்கு நானே ஒரு நன்றி அறிவிப்பு வாசித்தேன். அவர் இருக்கிறாரா என்று கேட்டால் எனக்கு வாதாடத் தெரியாது. ஆனால் மைக்கில் பேசுகிறவளுக்கு ஒன்று தெரியும். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அறை வேறு மாதிரி இருக்கும். அன்றைக்கு அறை அப்படித்தான் இருந்தது.

இனிமேல் நீ எனக்காக வாசிக்க வேண்டியதில்லை. உனக்குப் பிடிக்காததை நான் கேட்கவும் மாட்டேன். நீ ஒரு தடவை இங்கே வா, அது போதும். சனிக்கிழமை காலை என் வேலை முடிந்ததும் நாலாவது நடைமேடை பெஞ்சில் மூன்று பேரும் உட்காரலாம். குண்டூசி அவள் வழியில் சத்தமில்லாமல் சொல்லட்டும், நான் என் வழியில் சத்தமாகச் சொல்கிறேன், நீ சும்மா இரு. இடம் போதுமா என்று மட்டும் சந்தேகம், குண்டூசியால்.

மைக்கு


ஜூன் 8

அன்புள்ள மைக்குக்கு,

உன் குரல் திரும்பியதும் முதலில் குடையைத்தான் தேடியது என்பதைப் படித்து நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் முகமே தெளிவாக இருக்காது, ஏன் கலங்கியது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. தேடி எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

நீ இனி வாசிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டாய். மறுநாள் கடையைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், பழக்கத்தில் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டேன். கையில் தாள் இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். கால் நகரவில்லை. நான் நின்றால் நின்றதுதான் என்று உனக்கே எழுதியிருக்கிறேனே.

முதலில் சம்பந்தப்பட்டவரைத் திட்டினேன். நாலு வருஷத்துத் திட்டு. கடைக்குள் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. வில்லைப் பெரியவர் வந்தவர் அப்படியே வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். கண் பார்க்க வந்த ஒருவரிடம் "கொஞ்சம் லேட்டாகும், உட்காருங்க" என்றது உள்ளே கேட்டது.

திட்டித் தீர்ந்த பிறகு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கென்று வேண்டியது ஒன்றுமில்லை. அப்போதுதான், நீ எனக்கு எழுதுவாயே, அந்த வரி ஞாபகம் வந்தது. அதையே கேட்டேன். "அவர் சுகமா?" என்றேன். உங்கள் விதிப்படி இரண்டு தடவை.

பதில் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. ஆனால் அறை நீ சொன்ன மாதிரிதான் இருந்தது.

சனிக்கிழமை வருகிறேன். பெஞ்சில் எனக்கு ஓர் இடம் பிடித்து வை, சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். இனி கடிதம் எழுதும்போதும் அந்த வரியை விட்டுவிடாதே. அண்ணன் சுகமா என்று கேள். தெரியாது, கேட்டிருக்கிறேன் என்று பதில் எழுதுகிறேன்.

நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் சாமியார்